கரன்ட் போனால் லேண்ட்லைனும் போகுமா? இலஞ்சி வீட்டு கார்ட்லெஸ் போன் கற்றுக்கொடுத்த பாடம்

போன ஆடி மாசத்தில் ஒரு ராத்திரி. இலஞ்சியில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு, வழக்கம்போல எட்டரை மணிக்கு சென்னையில் இருந்து அம்மா போன் போட்டார். மணியே அடிக்கவில்லை. தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல். திரும்பத் திரும்ப அதே குரல். ஆச்சியிடம் ஒரு பட்டன் செல்போனும் இருக்கிறது. அது பெரும்பாலும் ஃபிரிட்ஜ் மேல், சார்ஜ் இல்லாமல் படுத்திருக்கும். அன்றும் அப்படித்தான்.

ஒன்பதரை மணிக்கு எதிர்வீட்டு மாமாவைப் பிடித்தோம். அவர் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்துல மரம் சாஞ்சு லைன் போயிட்டு. தெருவே இருட்டு. ஆச்சி நல்லாத்தான் இருக்காவ, மெழுகுவர்த்தி வெச்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ."

ஆச்சிக்கு ஒன்றும் இல்லை. பதறியது நாங்கள்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் முழுக்க என்னைக் குடைந்த கேள்வி வேறு. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து இலஞ்சி வீட்டில் எத்தனையோ தடவை கரன்ட் போயிருக்கிறது. போன் ஒரு தடவைகூடச் சாகவில்லை. இப்போது மட்டும் ஏன்?

விடை தேடியபோது ஒரு விஷயம் புரிந்தது. ஆச்சிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாங்களே இரண்டு வேலை செய்திருந்தோம். ஒன்று, பழைய செம்புக் கம்பி லைனை ஃபைபராக மாற்றியது. இரண்டு, கார்ட்லெஸ் போன் வாங்கிக் கொடுத்தது. இரண்டுமே தப்பான முடிவு இல்லை. இரண்டுக்கும் கரன்ட் வேண்டும் என்று யோசிக்காததுதான் தப்பு. லைன் மாற்ற வந்தவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பழைய போனுக்கு கரன்ட் எங்கிருந்து வந்தது?

ஹாலில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய போனுக்கு பிளக்கே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? அதற்கு வேண்டிய மின்சாரம் அந்த இரண்டு செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்துவிடும். சுமார் 48 வோல்ட், நேர் மின்னோட்டம். எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள், அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். ஊர் முழுக்க இருட்டானாலும் ரிசீவரை எடுத்தால் 'கொய்ங்' என்று டயல் டோன் கேட்டதற்குக் காரணம் இதுதான். 28 ஜனவரி 1882-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊர்களிலும் எக்ஸ்சேஞ்ச் தொடங்கியதில் ஆரம்பித்த இந்தியத் தொலைபேசிக் கதையில், நாம் யாரும் கவனிக்காத வசதி இது. போனுக்குத் தனியாக கரன்ட் வேண்டும் என்று நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஓடுவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்து உங்கள் வீட்டு போனுக்கு ஒரு சொட்டு கரன்ட்கூட அதன் வழியாக வராது. அந்த வெளிச்சத்தை மறுபடி குரலாக மாற்றுவது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி. அதன் உண்மையான பெயர் ஓ.என்.டி. நம்ம ஊரில் எல்லோருக்கும் அது 'மோடம்'தான், நானும் அப்படியே சொல்கிறேன். மோடம் அணைந்தால் போனும் அணைந்தது. பி.எஸ்.என்.எல், ஜியோ, ஏர்டெல் என்று எந்த நிறுவனத்தின் ஃபைபராக இருந்தாலும் இது பொருந்தும்.

அதற்கு மேல் கார்ட்லெஸ் வைத்தால் இன்னொரு பிளக். கையில் பிடிக்கும் ஹேண்ட்செட்டில் பேட்டரி இருக்கிறது, சரி. ஆனால் அது பேசுவது பேஸ் என்ற அடிப்பெட்டியோடு. அந்த அடிப்பெட்டி சுவர் கரன்ட்டில் ஓடுகிறது. ஆக, கரன்ட் போனால் மோடமும் போச்சு, பேஸும் போச்சு. மிஞ்சுவது ஆச்சி கையில் வெளிச்சம் மட்டும் காட்டும் ஹேண்ட்செட்.

செம்புக் கம்பியை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஜாயின்ட் பெட்டியில் தண்ணீர் இறங்கி, காதில் 'கொர்ர்' என்று அரைத்த லைனை வைத்துக்கொண்டு பேசிய ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இடி இறங்கி போனும் மோடமும் ஒன்றாகக் கருகிய வீடுகளும் உண்டு. கண்ணாடி இழையில் மின்னல் பாயாது, தண்ணீர் பட்டால் குரல் கெடாது. ஃபைபர் நல்லதுதான். கூடவே என்ன போகிறது என்று சொல்லிவிட்டு மாற்றியிருக்கலாம் என்பதே என் வாதம்.

அப்புறம் ஏன் கார்ட்லெஸ் வாங்கினோம்?

போன் அடித்தால் ஆச்சி ஓடுவார். எண்பது வயசுக்கு மேல் ஆகியும் ஓடுவார். அடுப்படியில் இருந்து ஹாலுக்கு இரண்டு நிலைப்படி. ஒருநாள் ஓடி வந்து இடறி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் அம்மா தீர்மானமாகச் சொன்னார், போன் ஆச்சியோடு போகணும், ஆச்சி போனைத் தேடிப் போகக்கூடாது.

"செல்போன் கொடுக்க வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். கொடுத்தோம். தொடுதிரை ஆச்சியின் காய்ந்த விரலைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. வீடு பழைய சுண்ணாம்புக் கட்டு, சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. முற்றத்துக்கு வந்தால்தான் சிக்னல். லேண்ட்லைன் ஆச்சிக்குப் பழக்கம். 04633 என்று தொடங்கும் அந்த நம்பர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். நம்பர் மாறாமல், போன் மட்டும் நடமாட வேண்டும். அதற்குப் பெயர்தான் கார்ட்லெஸ்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு, அதைச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. இன்று கடையில் விற்கும் நல்ல கார்ட்லெஸ் போன்கள் பெரும்பாலும் 'டெக்ட்' என்ற தரத்தில் வேலை செய்பவை. ஐரோப்பாவில் 1990-களின் தொடக்கத்தில் உருவான தரம் அது. வீட்டுக்குள் ஐம்பது மீட்டர் போவதற்காகப் பிறந்த அந்தத் தரத்தை எடுத்து, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்குக் கம்பியில்லாமல் போன் கொடுக்கும் 'கார்டெக்ட்' என்ற அமைப்பாக மாற்றியவர்கள், சென்னை ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மைதாஸ் நிறுவனமும். மதுரை மாவட்டம் மேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 2000-களின் தொடக்கத்தில் இன்டர்நெட் மையங்கள் ஓடியது இதை வைத்துத்தான். செல்போன் அலை வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. ஆச்சி கையில் இருக்கும் ஹேண்ட்செட் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

மாட்டுவது எப்படி? நாங்கள் சொதப்பிய இடங்களோடு

பெட்டியைத் திறந்தால் பேஸ், ஹேண்ட்செட், அடாப்டர், போன் வயர், இரண்டு சின்ன பேட்டரி. பேட்டரி பார்ப்பதற்கு ரிமோட்டில் போடும் சின்ன பென்சில் செல் மாதிரியே இருக்கும். ஆனால் இது ரீசார்ஜ் ஆகும் நிக்கல் வகை. என்றைக்காவது இது தேய்ந்துபோனால், மளிகைக் கடையில் கிடைக்கும் சாதா செல்லை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். சார்ஜ் ஏற்றினால் அது கசியும், வெடிக்கவும் செய்யலாம். 'ரீசார்ஜபிள்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் தடவை ஏழு மணி நேரமாவது சார்ஜில் கிடக்கட்டும். நாங்கள் பொறுமையில்லாமல் அரை மணி நேரத்தில் எடுத்துப் பேசி, "ச்சே, டூப்ளிகேட் போல" என்று திட்டிக்கொண்டோம்.

போன் வயரை எங்கே செருகுவது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோடத்தின் பின்னால் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். இன்டர்நெட் கேபிளுக்கான ஓட்டை கொஞ்சம் அகலம். போன் வயரின் சின்ன முனை அதிலும் நுழைந்துவிடும், 'டிக்' என்று சத்தம்கூட வரும். ஆனால் டோன் வராது. போன் படம் போட்ட அல்லது 'டெல்', 'பாட்ஸ்' என்று எழுதிய சின்ன ஓட்டையில்தான் செருக வேண்டும். அப்படி இரண்டு இருந்தால் பெரும்பாலும் ஒன்றில்தான் உயிர் இருக்கும், இரண்டையும் மாற்றிப் பாருங்கள். இன்னும் செம்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் மட்டும் போனுக்கு முன்னால் ஃபில்டர் என்ற குட்டிப் பெட்டியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பேசும்போது இரைச்சல் வரும். ஃபைபருக்கு அது தேவையில்லை.

பேஸை வைக்கும் இடம் ரொம்ப முக்கியம். பெட்டியில் போட்டிருக்கும் முந்நூறு மீட்டர் கணக்கு திறந்தவெளிக்கானது. வீட்டுக்குள் ஐம்பது என்பார்கள். ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டினால் அதுவும் இல்லை. நாங்கள் முதலில் ஹால் மூலையில், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பின்கட்டில் கிணற்றடிக்குப் போனதும் ஆச்சியின் குரல் வெட்டி வெட்டிக் கேட்டது. பீரோவை விட்டு நகர்த்தி, நடுக்கட்டில் அலமாரியின் மேல்தட்டில் வைத்தபிறகு கிணற்றடி வரை வந்தது. மாட்டுக் கொட்டில் வரை வரவில்லை, பரவாயில்லை. மாடு போய் வருஷம் பல ஆகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதிய போனா, டெக்ட் 1.9 கிகாஹெர்ட்ஸா என்றும் பார்த்து வாங்குங்கள். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இருப்பது அந்த 2.4-ல். ஒன்றையொன்று இடிக்கும். டெக்ட் தனிப்பாதையில் போகிறது.

இரண்டாவது ஹேண்ட்செட் சேர்க்கலாம், ஒரே பேஸில் ஆறு வரை ஏற்கும் மாடல்கள் உண்டு. பேஸில் இருக்கும் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் பதிவு செய்யக் கொடுத்தால் சேர்ந்துவிடும். ரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் நான்கு பூஜ்யம். அதே பட்டனை லேசாக ஒருமுறை தட்டினால் ஹேண்ட்செட் எங்கிருந்தாலும் கத்தும். ஆச்சி வீட்டில் அதிகம் உபயோகப்படும் வசதி இதுதான். இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட இடங்கள்: தலையணை உறை, பூஜை அலமாரி, அரிசி டின்.

இன்னொரு விஷயம், பூஜ்யம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்குப் பேச நம்பருக்கு முன்னால் 0 போட வேண்டும். போனில் நம்பர்களைச் சேமிக்கும்போதே 0 சேர்த்துச் சேமியுங்கள். சிக்கல் எங்கே வரும் என்றால், வந்த அழைப்புகளின் பட்டியலில் நம்பர் 0 இல்லாமல் பத்து இலக்கமாக விழும். அதையே அழுத்தித் திரும்பக் கூப்பிட்டால் போகாது. "உங்க நம்பர் போகவே மாட்டேங்கு" என்று ஆச்சி பல நாள் புலம்பியதற்குக் காரணம் இது. கடைசியில் 1-ஐ அழுத்திப் பிடித்தால் அம்மா, 2 என்றால் சித்தப்பா, 3 என்றால் எதிர்வீட்டு மாமா என்று ஸ்பீடு டயலில் போட்டு, காலண்டர் அட்டையில் பெரிசாக எழுதி ஒட்டினோம். அதற்குக் கீழே 108, 112.

இருட்டில் பேச என்ன வழி?

இப்போது அந்த ஆடி ராத்திரிக்கு வருவோம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்கும் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதே காற்றை நம்பித்தான் தென்காசி, சுரண்டை பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. மின்சாரம் கொடுக்கும் காற்றே மரத்தைச் சாய்த்து நம்ம தெரு லைனை அறுத்துவிட்டும் போகும்.

முதல் யோசனையாக எல்லோரும் சொல்வது, ரௌட்டருக்கென்று விற்கும் குட்டி யூ.பி.எஸ். நல்லதுதான், ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது கொடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட். மோடத்துக்குப் பெரும்பாலும் அது சரி. கார்ட்லெஸ் பேஸின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், ஐந்தரை, ஆறு, ஆறரை வோல்ட் என்று ஏதாவது எழுதியிருக்கும். 12 வோல்ட்டை அதில் கொடுத்தால் பேஸ் புகைந்துவிடும். ஆகவே அந்தக் குட்டி யூ.பி.எஸ் மோடத்தைக் காப்பாற்றும், கார்ட்லெஸ்ஸைக் காப்பாற்றாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடம், பேஸ் இரண்டையும் அந்த லைன் பிளக்கில் மாட்டுங்கள், பிரச்சினை முடிந்தது. பல வீடுகளில் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் போயிருக்கும், மோடம் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்குப் போயிருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு என் சிபாரிசு வேறு. பழைய வயர் போனைத் தூக்கிப் போடாதீர்கள். அதை மோடத்தில் மாட்டினால், அதற்கு வேண்டிய கரன்ட்டை மோடமே கொடுத்துவிடும். எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை இப்போது மோடம் செய்கிறது, அவ்வளவுதான். ஆக மோடத்துக்கு மட்டும் குட்டி யூ.பி.எஸ் இருந்தால் போதும். ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு கார்ட்லெஸ், வயர் போன் இரண்டையும் ஒரே லைனில் வைக்கலாம். பகலெல்லாம் கார்ட்லெஸ், கரன்ட் போனால் வயர் போன். இலஞ்சி வீட்டில் இப்போது இப்படித்தான். சில கார்ட்லெஸ் மாடல்களில், சார்ஜ் இருக்கும் ஒரு ஹேண்ட்செட்டை பேஸில் வைத்தால் அதன் பேட்டரியே பேஸுக்கு உயிர் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. வாங்கும்போது கேளுங்கள்.

இத்தனையும் செய்தாலும், லைன் புறப்படும் இடத்தில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது இன்னொரு கேள்வி. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் தெருவில் இருக்கும் ஃபைபர் பிரிப்பான்களுக்கு கரன்ட் தேவையில்லை, அது ஒரு நிம்மதி. ஆனால் லைன் ஆரம்பிக்கும் அறையில் இரண்டு மணி நேர பேட்டரி மட்டும் இருந்தால், உங்கள் வீட்டில் பத்து மணி நேர யூ.பி.எஸ் வைத்தும் பிரயோஜனமில்லை. செல்போன் டவருக்கும் இதே கதிதான்.

2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் அப்பா அம்மாவைத் தொடர்புகொள்ள முடியாமல் தவித்தார்கள். குற்றாலமும் சாதாரண ஊர் இல்லை. மலையில் பெய்வது கீழே தெரிவதற்குள் அருவியில் தண்ணீர் பாய்ந்துவிடும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயசுப் பையன் ஒருவன் போனான். இப்படிப்பட்ட ஊரில் போன் வேலை செய்கிறதா இல்லையா என்பதை வெறும் வசதி என்று ஒதுக்க முடியாது.

யார் சொல்ல வேண்டும்?

அமெரிக்காவில் 2015-ல் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டது. இப்படி வீட்டுக் கரன்ட்டை நம்பும் போன் லைனைக் கொடுக்கும் நிறுவனங்கள், எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளருக்கு விற்கத் தயாராக இருக்க வேண்டும், பிறகு அதை 24 மணி நேரமாக்க வேண்டும், கரன்ட் போனால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லவும் வேண்டும். பிரிட்டனில் லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரன்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணைக் கூப்பிட வழி செய்ய வேண்டும் என்கிறது அங்கத்திய ஆணையம். அங்கே முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர அழைப்பு பட்டன்கள், லைன் மாற்றியபின் வேலை செய்யாமல் போன சம்பவங்கள் நடந்தன. 2023 டிசம்பரில், வாடிக்கையாளர் கேட்காமல் கட்டாயமாக மாற்றும் வேலையைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்திவைத்தன. பழைய லைன்களை 2025 இறுதிக்குள் மூடுவது என்ற திட்டமே 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

இங்கேயும் கேட்கலாம். பெரிதாக ஒன்றுமில்லை. ஃபைபர் மாற்றித் தரும் விண்ணப்பத்தில் தமிழில் ஒரு வரி: 'கரன்ட் இல்லாவிட்டால் இந்த போன் வேலை செய்யாது.' அதற்குப் பக்கத்தில், மோடத்துக்கு பேட்டரி வேண்டுமா என்று ஒரு கட்டம். அறுபது வயசைத் தாண்டியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் அதை இலவசமாகக் கொடுத்தால்தான் என்ன? மாசக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒரு குட்டி யூ.பி.எஸ் பெரிய செலவில்லை. கார்ட்லெஸ் விற்கும் கடைக்காரரும் அதே ஒரு வரியைச் சொல்லலாம். இந்தியாவில் சுமார் 2 கோடிக்குச் சரிந்துபோயிருந்த லேண்ட்லைன் இணைப்புகள் ஃபைபரால் மறுபடி 3 கோடியைத் தாண்டி ஏறியிருக்கின்றன. புதிதாக வரும் இந்த லைன்களில் பெரும்பாலானவை கரன்ட்டை நம்பும் லைன்கள்தான்.

போன மாசம் இலஞ்சி போயிருந்தபோது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். குட்டி யூ.பி.எஸ்-ஸில் மோடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கத்தான். நடுவில் இரண்டு தடவை வயர் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன், தெளிவாகக் கேட்டது. மூன்றே கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. "மூணு மணி நேரம் தாங்கும் ஆச்சி" என்றேன். ஆச்சி விசிறிக்கொண்டே கேட்டார்: "போன ஆடியில ராத்திரி பூரா வரலையேட்டி, அப்போ என்ன செய்ய?"

எனக்குப் பதில் தெரியவில்லை. செல்போனைத் தேடி எடுத்து சார்ஜில் போட்டேன்.